அரியணைக்குக் காவலாக அயலுறவு

1485 ஆகஸ்டில் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி, அதற்கு முந்தைய 14 ஆண்டுகளைப் பிரிட்டனியிலும் பிரான்சிலும் அடைக்கலத்தில் கழித்தவர். பிரெஞ்சு உதவியோடுதான் படை திரட்டி வந்தார். அயல்நாட்டு அரசவையில் ஒதுங்கியிருக்கும் அரியணைப் போட்டியாளர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் டியூடர் மன்னரின் அயலுறவுக் கொள்கையில் பெரும்பகுதி, தமக்குக் கிடைத்த அந்த அடைக்கலம் இன்னொருவருக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

முதல் சிக்கல், அப்போது தனிக் கோமகனாட்சியாக இருந்த பிரிட்டனி. அதைப் பிரான்ஸ் விழுங்காமல் தடுக்க, 1489-ல் பிரிட்டனியோடும் ஸ்பெயினோடும் ஹென்றி உடன்படிக்கை செய்துகொண்டார். பலிக்கவில்லை. 1491 டிசம்பரில் பிரிட்டனியின் கோமகள் ஆன் என்பவரைப் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் மணந்துகொண்டார். மறு ஆண்டு அக்டோபரில், போர்க்காலம் முடியப்போகும் நேரத்தில், ஹென்றி கடல் கடந்து போலோன் நகரை முற்றுகையிட்டார். நீண்ட போருக்கான ஆயத்தமாக இது தெரியவில்லை. பேரத்துக்கான மிரட்டலாகவே தெரிகிறது. இத்தாலியின் மேல் கண்வைத்திருந்த சார்லஸும் பேரத்துக்குத் தயாராக இருந்தார். நவம்பர் 3 அன்று எட்டாப்ள் உடன்படிக்கை கையெழுத்தானது. 7,45,000 பொற்காசுகளை ஆண்டுக்கு 50,000 வீதம் தருவதாகப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது; ஹென்றியின் எதிரிகளுக்கு உதவுவதில்லை என்றும் வாக்களித்தது. பிரிட்டனி போனது போனதுதான்.

இந்த வாக்குறுதியால் பிரான்சை விட்டு வெளியேறியவர் பெர்க்கின் வார்பெக். முன்னாள் மன்னர் நான்காம் எட்வர்டின் இளைய மகன் நானே என்று சொல்லிக்கொண்ட அவரை, எட்வர்டின் தங்கையும் பர்கண்டியின் மறைந்த கோமகனின் மனைவியுமான மார்கரெட் மருமகனாக ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு 1493-ல் ஹென்றி, பர்கண்டிக் கோமகனின் ஆட்சிக்குட்பட்ட ஃபிளாண்டர்ஸ் பகுதியோடான வணிகத்துக்குத் தடை விதித்தார். ஆங்கிலத் துணிக்கு ஆண்ட்வெர்ப்தான் பெரிய சந்தை; ஆகவே அடி சொந்த வணிகர்கள் மீதும் விழுந்தது. 1496-ல்தான் வணிக உடன்படிக்கை மூலம் உறவு சீரானது.

அதற்குள் வார்பெக்கை ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் வரவேற்று, தம் உறவுப் பெண்ணை மணமுடித்தும் வைத்திருந்தார். 1496-ல் அவருக்காக எல்லை தாண்டிய படையெடுப்பு சில நாள்களில் பிசுபிசுத்தது. அதற்குப் பதிலடி கொடுக்க ஹென்றி விதித்த வரியோ கார்ன்வாலில் கிளர்ச்சியை மூட்டியது. ஸ்காட்லாந்தோடு 1497-ல் போர்நிறுத்தம், 1502-ல் நிரந்தர சமாதான உடன்படிக்கை, 1503-ல் ஹென்றியின் மகள் மார்கரெட்டுக்கும் ஜேம்ஸுக்கும் திருமணம்.

ஸ்பெயின் உறவு 1501-ல் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தருக்கும் ஸ்பெயின் இளவரசி கேத்தரினுக்கும் நடந்த திருமணத்தில் உச்சம் தொட்டது. ஐந்தே மாதங்களில் ஆர்தர் இறந்தார். கேத்தரினை இளைய மகனுக்கு மணமுடிக்கும் பேச்சு சீதனப் பாக்கியில் சிக்கி இழுபட்டது. 1509 ஏப்ரலில் ஹென்றி இறந்த பிறகே, ஜூன் மாதம், எட்டாம் ஹென்றியாக அரியணை ஏறிய அந்த இளைய மகன் கேத்தரினை மணந்தார்.