ஆராய்ச்சியும் ஆண்டு வரவு செலவுத் திட்டமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலரும் ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்னும் ரப்பர் இனத்தின் பெயரைக் கேட்டிருப்பர். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் இருவேறு இனங்களைக் கலந்து உண்டாக்கிய மரம் அது. 600 வரிசைக்குரிய கலப்பு வேலை 1937-ஆம் ஆண்டு தொடங்கிற்று. இடையே ஜப்பானியர் ஆட்சி வந்து போயிற்று. பின்னர் அவசரகாலமும் வந்தது. ரப்பர்க் கன்று பால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னும் பல ஆண்டு விளைச்சலை நிறுத்துப் பார்த்தாலன்றி ஓர் இனத்தின் தகுதி தெரியாது. ஆதலின் இம்மரம் தோட்டங்களில் பரவலாக நடப்பெறுவதற்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்துணைக் காலம் பொறுத்திருக்கப் பணம் எங்கிருந்து வந்தது? 1925-இல் அமைக்கப்பெற்ற அக்கழகத்திற்கு, ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதித்த ‘செஸ்’ என்னும் தீர்வையே முதன்மையான வருவாய். நிதி அமைச்சரின் உரையை ஆண்டுதோறும் எதிர்நோக்கி நிற்கும் நிலை அதற்கில்லை. (தீர்வையைக் கட்டியவை கம்பெனிகளே, ஆயினும் வைகறையில் எழுந்து வாளி நிறையப் பால் சேர்த்தவர் யார் என்பதை நாம் மறப்பதற்கில்லை.) செம்பனைக்கும் இதே வழியே பின்பற்றப்பட்டது. 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் வாணிப முறையில் முதன்முதல் நடப்பட்ட அப்பயிருக்கு 1979-இல் தனி ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அதனையும் தீர்வைப் பணமே தாங்கிற்று.

பல்கலைக் கழகங்களின் நிலை வேறு. அவற்றின் நடப்புச் செலவுக்குரிய பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்திடமிருந்து ஆண்டுதோறும் வருவது. 2014-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது, எண்ணெய் வருவாயைப் பெரிதும் நம்பியிருந்த நம் அரசாங்கம் செலவைச் சுருக்கியது. 20 அரசாங்கப் பல்கலைக் கழகங்களுக்கு 2016-இல் ஏறத்தாழ 757 கோடி வெள்ளியாக இருந்த ஒதுக்கீடு, 2017-இல் 612 கோடியாக இறங்கிற்று. அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைவு.

பத்தொன்பதுதானே என்று எண்ணுதல் வேண்டா. வகுப்பில் கொடுக்கும் கணக்கைப் போலப் பார்ப்போம். ஒரு பல்கலைக் கழகத்தின் வரவு 100 வெள்ளி. அதில் நிரந்தர ஊழியரின் சம்பளம் 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் கை வைக்க இயலாது. வரவு 81 வெள்ளியாகக் குறைந்தால், சம்பளம் போக 30 வெள்ளி மிஞ்சிய இடத்தில் 11 வெள்ளிதான் மிஞ்சும். ஆய்விதழ்ச் சந்தா, இரசாயனப் பொருள், கருவி பழுதுபார்த்தல், களப்பயணம், ஒப்பந்த ஊழியர் ஊதியம் ஆகிய அனைத்தும் அந்தப் பதினொன்றுக்குள் அடங்க வேண்டும். வெட்டின் அளவைவிட அது விழும் இடமே கவலைக்குரியது.

ஆராய்ச்சிக்கெனத் தனி மானியங்கள் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஒன்பதாவது மலேசியத் திட்டம் தொடங்கிய 2006-இல் அடிப்படை ஆராய்ச்சி மானியத் திட்டம் வந்தது; அதே ஆண்டில் நான்கு பல்கலைக் கழகங்கள் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகங்கள் என அறிவிக்கப்பட்டன. ஆனால் மானியம் பெற்ற பேராசிரியர் பயன்படுத்தும் கட்டடம், மின்சாரம், கருவிகளைப் பேணும் தொழில்நுட்பர், கணக்கெழுதும் அலுவலர் ஆகியவை நடப்புச் செலவைச் சேர்ந்தவை. மானியம் கையிலிருக்கக் கருவி பழுதுபட்டுக் கிடந்தால் யாது பயன்?

பணம் அருகும்போது ஆராய்ச்சி நிருவாக அலுவலகத்தின் இயல்பும் மாறுகிறது. ‘என்ன கண்டீர்கள்?’ என்று கேட்க வேண்டியவர்கள், ‘எவ்வளவு செலவழித்தீர்கள்?’ என்றே மிகுதியும் கேட்க நேர்கிறது. திட்டக் காலம் முடிந்தபின் மிஞ்சிய பணத்தைத் திருப்ப வேண்டுமாதலால், கடைசி மாதங்களில் பொருள் வாங்கும் அவசரம் பிறக்கிறது. இதற்கு அலுவலர்களைக் குறை கூறுவது முறையன்று; தணிக்கைக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. இதில் முதலில் அடிபடுபவர், மானியத்தின் வழி மாத உதவித்தொகை பெற்று முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் ஆராய்ச்சி உதவியாளர். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் சென்ற குடும்பத்துப் பிள்ளைக்கு, உதவித்தொகை மூன்று மாதம் தாமதித்தால் படிப்பே நின்றுபோகும்.

பயிருக்குத் தீர்வை உண்டு. நம் சிலாங்கூர் ஆற்றின் மின்மினிக்கு எந்தத் தீர்வை உண்டு? கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் இரவுதோறும் ஒளிரும் அப்பூச்சி, புழுவாக இருக்கையில் ஆற்றங்கரை நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை அழித்தால் பூச்சியும் அழியும். அதன் தொகை கூடுகிறதா குறைகிறதா என்பதை அறிய ஆண்டுக்காண்டு விடாமல் கணக்கெடுக்க வேண்டும். இரண்டாண்டு கணக்கு விட்டுப்போனால், பின்னர் எத்துணைப் பணம் கொடுத்தாலும் அதனை வாங்க முடியாது. கட்டடம் கட்டுவதை ஈராண்டு ஒத்திவைக்கலாம். கணக்கெடுப்பை ஒத்திவைத்தல் இயலாது. எனவே நெடுங்கால ஆய்வுக்கு ஒப்புதல் வழங்கும்போதே அதன் முழுக் காலத்திற்குரிய பணத்தையும் ஒதுக்கி, ஆண்டு வெட்டுக்கு அப்பால் வைத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழாய்வுக்கும் தீர்வை இல்லை. மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அதனையொட்டித் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். எளிய மக்கள் கொடுத்த வெள்ளி, அத்துறைக்குத் தமிழ் நூல்களாயிற்று. மானியக் குழுவோ காலாண்டு அறிக்கையோ அதற்குத் தேவைப்படவில்லை. எனினும் நூல்களை அடுக்கிக் காப்பவரின் ஊதியமும், இன்று அவற்றை வைத்து ஆராயும் மாணவரின் உதவித்தொகையும் அத்தகைய ஒருமுறைக் கொடையால் நடைபெறுவன அல்ல. அவை அக்டோபர் மாதத்தில் பெரும்பாலும் தாக்கல் செய்யப்படும் வரவு செலவுத் திட்டத்தையே இன்றும் பார்த்திருக்கின்றன.