களிமண்ணும் வெண்கலமும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவில் திருவண்ணாமலை மாடவீதிகளில் உலா வரும் உலோகத் திருமேனிகளை வேங்கிக்காலிலுள்ள நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இத்தகைய திருமேனிகளைத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் செய்யும் முறை யாவரும் அறிந்ததே. மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண்பூசி, சூட்டினால் மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். மெழுகும் அழியும், மண்ணச்சும் உடைபடும். ஆகலின் அவ்வச்சில் மற்றொரு பிரதி எடுத்தல் இயலாது.

நிற்க. சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை வேறொரு மரபினது. அதனை இயற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்தவர்.

இம்மரபிலே கலைஞர் இரும்புச் சட்டத்தின்மீது களிமண்ணை அப்பி உருவந் திரட்டுவார். களிமண் உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆதலின் ஈரம் புலராமுன் பாரிஸ் சாந்தினால் அச்செடுப்பர். அச்சைப் பிரிக்குங்கால் மண்ணுரு பெரும்பாலும் சிதைந்தொழியும். பின்னர் அவ்வச்சிற் பெற்ற சாந்துப் பிரதியைக் கொண்டு வெண்கலம் வார்ப்பர். பெரிய உருவாயின் உள்ளே கூடாக, பகுதி பகுதியாக வார்த்து இணைப்பர். மண்ணில் விரல் பதித்த தடமும் உலோகத்தில் நிலைபெறும். சாந்துப் பிரதி இருக்குமட்டும் மீண்டும் வார்க்கலாம். மெரீனாச் சிலை 1959 ஜனவரி 25-இல் திறக்கப்பெற்றது. அதன் மற்றொரு வார்ப்பு தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மண்ணை ஒருவர் வனைய, உலோகத்தை வேறொருவர் வார்த்தால், வெண்கலம் யாருடைய சிருஷ்டி? பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகாவின் வரலாறு இதனை விளக்கும். 1917-இல் அவர் காலமானபோது மெழுகிலும் களிமண்ணிலும் செய்த சுமார் 150 உருவங்கள் அவருடைய கூடத்திற் கிடந்தன. அவர் தம் வாழ்நாளில் பொதுக்காட்சிக்கு வைத்த சிற்பம் 1881-இல் வைத்த நாட்டியச் சிறுமியின் மெழுகுருவம் ஒன்றே. எழுபதுக்கு மேற்பட்டவற்றை வெண்கலமாக்கியவர்கள் அவருடைய வாரிசுகளே. குளிரும் உலோகம் சுருங்குதலால் அவ்வார்ப்புகள் மூலத்தினும் சற்றே சிறியன. நிறத்தையும் மெருகையும் அவர் கண்டு ஒப்பியதில்லை. ராய் சௌத்ரியோ தம் சிலை கடற்கரையில் நிறுவப்பெற்றபோது உயிருடன் இருந்தார்.

ஆகவே வெண்கல உருவொன்றின்முன் நிற்கும் மாணவர் வினவ வேண்டுவன இரண்டு: மண்ணை வனைந்த கை யாருடையது? வார்ப்பை ஒப்பிய கண் யாருடையது? இவ்விரண்டும் ஒருவருடையனவாயின், களிமண் அழிந்தும் கலைஞர் கருத்து அழிந்திலது எனத் துணிந்து கூறலாம்.