இங்கும் அங்கும் வாழ்க்கைச் செலவு

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழ்கின்றனர். விழாக் காலங்களில் அவர்கள் தாயகம் வந்து பழைய நண்பரோடு அளவளாவும்போது, சுகசேமம் விசாரித்து முடிந்ததும் உரையாடல் பெரும்பாலும் விலைவாசியின்மேற் செல்வது வழக்கம். இலண்டனில் முருங்கைக்காய் என்ன விலை, ரொறன்ரோவில் வீட்டு வாடகை எவ்வளவு, யாழ்ப்பாணத்தில் ஒரு தேங்காய்க்கு இத்தனை ரூபாவா என்றெல்லாம் வினாக்கள் எழும். வந்தவர் ஊர் மலிவு என்பர். ஊரவர் ஊரில் வாழ முடியாதிருக்கின்றது என்பர். இருவரும் பொய் கூறுபவரல்லர். ஆயினும் ஒருவர் கூற்றை மற்றவர் முற்றாக நம்புவதில்லை. இந்த ஐயம் வெறும் பேச்சோடு நின்றுவிடுவதுமன்று. “அங்கே இலட்சக்கணக்கில் உழைப்பவர் இவ்வளவுதானா அனுப்புவது?” என்று வீட்டாரும், “அனுப்பும் பணமெல்லாம் எங்கே போகின்றது?” என்று அனுப்புவோரும் மனம் நோவதற்கு இதுவே பல குடும்பங்களிற் காரணமாகின்றது. ஆதலின் இருநாட்டு வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் நெறி யாதென ஆராய்தல் பழைய மாணவர்க்கும், வெளிநாடு செல்ல எண்ணும் இன்றைய மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

நம்மவர்க்கு இக்கணக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் உத்தியோகம் வகித்தனர். 1906ஆம் ஆண்டில் அந்நாட்டில் வழங்கிய டொலரின் பெறுமதி 2 சிலிங் 4 பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. இலங்கையில் வழங்கிய ரூபா அக்காலத்தில் 1 சிலிங் 4 பென்சு பெறுமதியுடையது. எனவே ஒரு டொலர் ஒன்றேமுக்கால் ரூபாவுக்குச் சமமாயிற்று. மாதம் 100 டொலர் ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பிய ஒருவர் கையில் 175 ரூபா விழும். பின்னர் 1927 இல் ரூபாவின் பெறுமதி 1 சிலிங் 6 பென்சு என விதிக்கப்பட்டபோது அதே 100 டொலர் ஏறத்தாழ 155½ ரூபாவாயிற்று. ஊரிலே செலவு செய்யும் ஓய்வூதியகாரருக்கு இவ்வேறுபாடு பெரிது; ஒவ்வொரு டொலரும் ரூபாவாக மாறிய பின்னரே அவர் வீட்டில் உலை ஏறும். ஆனால் கோலாலம்பூரில் உத்தியோகத்திலிருந்த அவருடைய நண்பரோ டொலரில் வாடகை கொடுத்து, டொலரில் அரிசி வாங்கி உண்டவர். அவர் வீட்டுக்கு அனுப்பிய தொகையைத் தவிர மற்றைய பணத்துக்கு மாற்று வீதத்தால் யாதொரு தொடர்புமில்லை.

இவ்விருவர் நிலையையும் நோக்கின் ஓர் அடிப்படை விதி புலனாகும். நாணய மாற்று வீதம் கடல் கடக்கும் பணத்துக்கு மாத்திரமே உரியது. உழைத்த நாட்டிலேயே செலவாகும் பணத்தை அந்நாட்டு ஊதியத்தோடு ஒப்பிடவேண்டுமேயன்றி நம்நாட்டு ரூபாவாக்கிப் பார்த்தல் பொருந்தாது. இவ்விதியை மறப்பதனாலேயே பெரும்பாலான பிணக்குகள் தோன்றுகின்றன.

ஒரு கிலோ அரிசியை எடுத்துக்கொள்வோம். 2024 டிசெம்பரில் இலங்கை அரசாங்கம் நாட்டரிசிக்குக் கிலோ ஒன்றுக்கு 230 ரூபா என உச்ச சில்லறை விலை விதித்தது. 2025 ஏப்பிரல் முதலாகச் சட்டப்படியான ஆகக்குறைந்த வேதனம் நாளொன்றுக்கு 1,080 ரூபாவாயிற்று. மேசன், தச்சர் முதலியோர் இதனினும் மிகுதியாகப் பெறுவராயினும், ஒப்பிடுதற்குச் சட்டம் வகுத்த எல்லையையே கொள்வோம். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 135 ரூபா. அவ்வாறாயின் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு மணி 42 நிமிடம் உழைக்க வேண்டும். அதே 2025 ஏப்பிரலில் ஐக்கிய இராச்சியத்தில் 21 வயது நிறைந்தோர்க்குரிய ஆகக்குறைந்த வேதனம் மணிக்கு 12.21 பவுண். இலண்டனில் ஒரு கிலோ அரிசி 2 பவுண் எனவும், ஒரு பவுண் 400 ரூபா எனவும் உதாரணத்துக்காகக் கொள்வோம். அரிசி விலை 800 ரூபா என்று கேட்டதும் ஊரவர் வியப்பர். அது ஊர் விலையில் மூன்றரை மடங்கன்றோ? ஆனால் இலண்டன் தொழிலாளி அதன்பொருட்டு உழைப்பது பத்து நிமிடமே. ரூபாக் கணக்கில் மூன்றரை மடங்காகத் தோன்றுவது உழைப்புக் கணக்கிற் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்வாறாயின் அங்கு வாழ்வோர் யாவரும் செல்வரே என எண்ணுதல் கூடாது. அரிசியில் மிஞ்சியதை வாடகை கொண்டுபோய்விடும். 2025 இல் இலண்டன் மாநகரில் தனியார் வீடுகளின் சராசரி மாத வாடகை 2,200 பவுணுக்கு மேற்பட்டிருந்தது. மணிக்கு 12.21 பவுண் பெறுபவர் அதனை ஈட்ட 180 மணி நேரம் உழைத்தல் வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்பவரின் மாத உழைப்பே ஏறத்தாழ 173 மணி நேரந்தான். அஃதாவது, வரி கட்டுமுன்னர் உள்ள முழு ஊதியமும் அச்சராசரி வாடகைக்குப் போதாது. கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போவதும், இளைஞர் பலர் ஒரு வீட்டைப் பகிர்ந்து அறைகளில் வசிப்பதும் இதனாலேயாம். ஊரிலோ தாய்தந்தையர் கட்டிய வீட்டில், கிணற்று நீரும் வளவுத் தேங்காயும் கிடைக்க வாழும் ஒருவர்க்கு இச்செலவு இருப்பதே தெரியவராது.

ஓர் இளைஞரின் மாதக் கணக்கை உதாரணமாக எழுதிப் பார்ப்போம். மேற்கூறிய வேதனத்தில் அவர் பெறுவது ஏறத்தாழ 2,110 பவுண். வருமான வரியும் தேசிய காப்புறுதிப் பணமும் போக, கைக்கு வருவது 1,800 பவுண் அளவாகும். அறை வாடகை 800, உணவு 250, பிரயாணம் 180, தொலைபேசி உடை முதலியன 170 எனக் கொண்டால் செலவு 1,400. மிஞ்சுவது 400 பவுண். அதுவே கடல் கடக்கக்கூடிய பணம். மாற்று வீதத்தாற் பெருக்கினால் 1,60,000 ரூபா. ஊரிலுள்ளோர் மனக்கணக்கில் அவர் சம்பளம் 8,44,000 ரூபா. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள ஆறேமுக்கால் இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவே உறவினரிடையே மனக்கசப்பை விளைக்கும் தொகை. உண்மையில் அது எவர் கையிலும் மிஞ்சுவதன்று. எனினும் மிஞ்சிய 1,60,000 ரூபா, நம்நாட்டில் 2025 இல் விதிக்கப்பட்ட 27,000 ரூபா ஆகக்குறைந்த மாத வேதனத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு என்பதையும் அனுப்புவோர் மறத்தலாகாது.

பொருளியல் அறிஞர் இவ்விடயத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் கசெல் என்பார் 1918 இல் ‘கொள்வனவுச் சக்திச் சமநிலை’ என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். ஒரே பொருட்தொகுதியை இரு நாடுகளிலும் வாங்க எவ்வளவு பணம் வேண்டுமோ, அவ்விகிதமே நாணயங்களின் உண்மைப் பெறுமதி என்பது அதன் சாரம். ஆயினும் நடைமுறையிற் செல்வ நாடுகளின் விலைகள் மாற்று வீதப்படி உயர்ந்தும், வறிய நாடுகளின் விலைகள் தாழ்ந்துமே காணப்படுகின்றன. இதற்குரிய காரணத்தை 1964 இல் பெலா பலாசா, போல் சாமுவேல்சன் ஆகிய இருவரும் வெவ்வேறாக விளக்கினர். கோதுமையையும் துணியையும் கப்பலில் ஏற்றலாம். ஆதலின் அவற்றின் விலை நாடுகளிடையே ஓரளவு ஒத்துவரும். முடி திருத்துதலைக் கப்பலில் ஏற்ற முடியாது. இலண்டனில் முடி திருத்துபவரின் கத்தரிக்கோல் நம்மூர்க் கத்தரிக்கோலினும் விரைவாக வெட்டுவதன்று. ஆனால் இயந்திர வலிமையால் தொழிற்சாலைகளிற் கூலி உயர்ந்துள்ள நாட்டில், அவர்க்கும் அதற்கேற்பக் கொடாவிடின் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். எனவே அங்கு மனித உழைப்பால் நிகழும் சேவைகள் யாவும் விலையேறி நிற்கும். இங்கு தாழ்ந்து நிற்கும்.

அடுத்து, எந்தப் பொருட்தொகுதியை வைத்து ஒப்பிடுவது என்னும் வினா எழும். முருங்கைக்காய், கத்தரிக்காய், மீன், ஒடியல் மா, தேங்காய் எனப் பட்டியல் எழுதி அதனை ரொறன்ரோவில் வாங்கப் புகுந்தால் அந்நகர் விலை மிகுந்ததாகத் தோன்றும். அவற்றுட் பல விமானமேறி வருபவை. பால், ஆப்பிள், பாற்கட்டி, மோட்டார் வாகனம் எனப் பட்டியல் எழுதி அதனை யாழ்ப்பாணத்தில் வாங்கப் புகுந்தால் யாழ்ப்பாணமே விலை மிகுந்த நகராகும். இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ருவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது, தீர்வையும் மிகுதி. ஆகவே நாம் பழகிய உணவை அயல்நாட்டிலும் விடாது உண்போர்க்கு வாழ்க்கைச் செலவு கூடும். அவ்வந்நாட்டில் இயல்பாக விளைவதை உண்போர்க்குக் குறையும். 1968 இல் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் நூற்றுக்கணக்கான பொருட்களையும் சேவைகளையும் பல நாடுகளில் விலைபார்த்துச் சராசரி காண்பது இத்தடுமாற்றத்தைத் தவிர்த்தற்பொருட்டேயாம்.

கடையில் விலைச்சீட்டு ஒட்டப்படாத செலவுகளும் உள. நம்நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையிலுள்ளது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றவர் கட்டணமின்றிப் பட்டம் பெறலாம். இங்கிலாந்தில் 2025ஆம் கல்வியாண்டில் உள்நாட்டு மாணவரிடத்தும் ஆண்டுக்கு 9,535 பவுண் வரை அறவிடப்பட்டது. முற்கூறிய வேதனத்தில் அது நாலரை மாத உழைப்பு. அரசாங்கம் கொடுப்பதை மக்கள் செலவாகக் கருதுவதில்லை. நிறுத்தும்போதே அதன் பெறுமதி தெரியும். 1953 ஜூலையிற் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது அடுத்த மாதமே நாடளாவிய ஹர்த்தால் மூண்டதும், பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிற் பதவி துறந்ததும் இதற்குச் சான்று.

மாற்று வீதத்தை மட்டும் நம்புவதால் விளையும் மயக்கத்தை 2022ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. 2021 செப்டெம்பரில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. முன்னர் 100 டொலர் அனுப்பி 20,000 ரூபா கொடுத்தவர், இப்போது 36,000 ரூபா கொடுப்பதாக எண்ணி, வீட்டார்க்கு இது தாராளம் என மனநிறைவு கொண்டிருக்கக்கூடும். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஓராண்டில் உணவு விலை நூற்றுக்கு 94.9 உயர்ந்தது. 20,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 39,000 ரூபா தேவைப்பட்டது. அனுப்பியவர் 16,000 ரூபா கூட அனுப்பியும், வீட்டார் பெற்ற உணவு நூற்றுக்கு எட்டளவில் குறைந்தது. உள்ளூர்ச் சம்பளத்தையே நம்பியிருந்த ஆசிரியர், எழுதுவினைஞர் குடும்பங்களின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? அவர்களுடைய கைப்பணத்தின் உணவு வாங்கும் வலிமை ஏறக்குறையப் பாதியாயிற்று. “பணம் போதவில்லை” என்று அக்காலத்தில் ஊரிலிருந்து வந்த சொல், பேராசையால் எழுந்ததன்று.

இவற்றிலிருந்து பழைய மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க ஓர் உண்மை பெறப்படும். விடுமுறையில் வருபவர் முச்சக்கரவண்டிக் கட்டணத்தையும், சமையலாள் கூலியையும், மேசன் சம்பளத்தையும் கண்டு ஊர் மலிவென மகிழும்போது, அம்மலிவு அந்த வண்டியோட்டியின் வருவாய் குறைந்திருப்பதாலாயது என்பதை நினைத்தல் வேண்டும். அங்கே பத்து நிமிடத்தில் ஈட்டக்கூடிய தொகைக்காக அவரோடு பேரம் பேசுதல் நமக்கு அழகன்று. மேலும், ஒரு பரப்புக் காணியைப் பவுணில் எண்ணுபவரும் ரூபாவில் எண்ணுபவரும் ஒருங்கே கேட்கும்போது வெல்பவர் யாரென்பது சொல்லாமலே விளங்கும். காணியும் திருமண மண்டபமும் வீடு கட்டும் கூலியும் பவுண் கணக்குக்கு உயர்ந்துவிட்டால், ஊரிலே படிப்பித்து ஊரிலே சம்பளம் பெறும் இளம் ஆசிரியருக்குச் சொந்த வீடு எட்டாக் கனியாகிவிடும்.

வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர், அங்குள்ள சம்பளத்தை ரூபாவாக்கி மயங்காது, முதலில் அந்நாட்டு வாடகை, வரி, உணவு, பிரயாணம் ஆகியவற்றை அந்நாட்டு நாணயத்திலேயே கழிப்பாராக. எஞ்சியதை மாத்திரம் மாற்று வீதத்தாற் பெருக்கி, அதனை ஈட்டுதற்கு எத்தனை மணி நேரம் உழைக்கவேண்டும் என்பதையும் அருகில் எழுதுவாராக. வீட்டார், பிள்ளை அனுப்பும் தொகையை அவருடைய முழுச் சம்பளத்தோடன்றி அவரிடம் எஞ்சும் தொகையோடு ஒப்பிடுவாராக. அனுப்புவோர், மாற்று வீதத்தை மட்டும் பாராது ஊரின் உணவு விலையையும் ஆண்டுக்கொருமுறையாயினும் கேட்டறிந்து தொகையைத் திருத்துவாராக. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கையும் கல்லூரி நமக்குக் கற்பித்துள்ளது. அயல்நாட்டுச் சம்பளத்தைக் கேட்டவுடன் பெருக்கலையே முதலிற் செய்கின்றோம். கழித்தலை முதலிற் செய்யப் பழகின், வீட்டார்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழும் வருத்தங்களிற் பெரும்பகுதி நீங்கும்.