வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை

இங்கிலாந்தில் காலை 8 மணிக்கு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) சர்ஜரிக்குப் போன் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிவுக் குரல் மனப்பாடம். வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். பொறுமையாகக் காத்திருந்து டாக்டரைப் பிடித்து, "எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று சந்தேகம்" என்றோ, "மகனுக்கு ஆட்டிசம் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள்" என்றோ சொன்னால், பல சர்ஜரிகளில் உள்ளூர் என்.எச்.எஸ். பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். முறை வர ஆண்டுக்கணக்காகலாம். அந்தப் பட்டியலில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதை யாரும் தாமாக வந்து சொல்வது அரிது.

அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம்? இங்கிலாந்து முழுவதும் ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டுக்குக் காத்திருப்போர் 2025 மார்ச் இறுதியில் சுமார் 5 லட்சத்து 49 ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்று என்.எச்.எஸ். கணக்கிட்டது. ஓராண்டுக்கு முன்பு அது 4 லட்சத்து 16 ஆயிரம். ஆட்டிசம் என்றால் பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்பது சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு வகுத்த தரம். நடைமுறையில் அந்தக் கெடுவுக்குள் அழைக்கப்படுகிறவர்கள் பாக்கியசாலிகள்.

இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. 'ரைட் டு சூஸ்' என்று அதற்குப் பெயர். உடல் நோய்களுக்கு முன்பே இருந்த இந்தத் தேர்வுரிமை 2014-இல் மனநலச் சேவைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்தவர், நாட்டின் எந்த மூலையில் உள்ள மதிப்பீட்டு நிறுவனத்தையும் கேட்கலாம். அந்தச் சேவைக்காக அந்த நிறுவனத்திடம் ஏதாவது ஒரு என்.எச்.எஸ். வட்டார வாரியத்தின் ஒப்பந்தம் இருந்தால் போதும். நிறுவனம் தனியாருடையதாக இருந்தாலும் செலவு என்.எச்.எஸ்.ஸுடையது. பல மதிப்பீடுகள் வீடியோவிலேயே நடப்பதால் ஈஸ்ட் ஹாமில் இருப்பவர் வேறொரு ஊர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கலில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இந்த உரிமை கிடையாது. அதே பிரச்சினைக்கு ஏற்கெனவே ஒரு சிறப்பு மனநலச் சேவையில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் இது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் வாசல் ஜி.பி.தான். புதிதாகக் குடியேறியவர்கள் பலர், முகவரிச் சான்றும் விசாவும் இல்லாமல் சர்ஜரியில் சேர முடியாது என்று நம்பித் தயங்குகிறார்கள். பதிவு செய்ய இரண்டுமே கட்டாயமில்லை. எட்டு மணிப் போன் போராட்டமும் இப்போது ஒரே வழியல்ல. 2025 அக்டோபர் முதல், அவசரமில்லாத கோரிக்கைகளுக்கான ஆன்லைன் படிவத்தை வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6:30 வரை சர்ஜரிகள் திறந்தே வைக்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி.யோ ஆட்டிசமோ உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது ஜி.பி.யின் வேலையல்ல, பயிற்சி பெற்ற நிபுணரிடம் அனுப்பத் தகுந்த காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் வெறுங்கையுடன் போக வேண்டாம். பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கு ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற 18 கேள்வித் தாள் இருக்கிறது. முதல் ஆறு கேள்விகளுக்கு எதிரே சில கட்டங்கள் நிழலிட்டிருக்கும். நான்கு அல்லது அதற்கு மேல் டிக் அந்த நிழலில் விழுந்தால் மேலே விசாரிக்கக் காரணம் உண்டு என்று பொருள். ஆட்டிசத்துக்கு ஏ.க்யூ-10, பத்துக் கேள்விகள், ஆறு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் பரிந்துரை. உங்களுக்குரிய தாளை நிரப்பி, வேலையிலும் வீட்டிலும் என்ன இடறுகிறது என்று நாலு வரி எழுதி, எந்த நிறுவனம் வேண்டும் என்றும் குறிப்பிட்டுக் கொடுத்தால் டாக்டரின் பத்து நிமிடம் வீணாகாது. இதற்கான மாதிரிக் கடிதத்தையும் நிறுவனங்களின் பட்டியலையும் ஏ.டி.எச்.டி. யு.கே. என்ற தொண்டு அமைப்பு வெளியிடுகிறது.

இனி முக்கியமான இடம்: எதைத் தேர்ந்தெடுப்பது? காத்திருப்பு எங்கே குறைவோ அங்கே பாய்வதுதான் எல்லோரும் செய்வது. அவசரத்தில் அது நியாயம்தான். ஆனால் பலர் மாட்டிக்கொள்வது முடிவு கைக்கு வந்த பிறகு. ஏ.டி.எச்.டி. உறுதியானால், விரும்புகிறவர்களுக்கு மருந்து தொடங்கி, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை பார்த்துப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். இதை 'டைட்ரேஷன்' என்பார்கள். சில நிறுவனங்களில் இதற்குத் தனி வரிசை. சிலவற்றில் இந்தச் சேவையே இல்லை. அளவு நிலைப்பட்டதும் மருந்துச் சீட்டு எழுதும் பொறுப்பை ஜி.பி. ஏற்பதற்குப் பெயர் 'ஷேர்ட் கேர்'. இதற்கு ஜி.பி. மறுக்கலாம், பலர் மறுக்கவும் செய்கிறார்கள். ஆகவே பரிந்துரை போகும் முன்பே இரண்டு போன் போட வேண்டும். நிறுவனத்திடம்: மருந்து தொடங்க எவ்வளவு காலம், ஜி.பி. மறுத்தால் நீங்களே தொடர்ந்து எழுதுவீர்களா? சர்ஜரியிடம்: இந்த நிறுவனத்தோடு ஷேர்ட் கேர் ஏற்பீர்களா? இந்த இரண்டு பதிலும் இல்லாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. மதிப்பிடுகிறவர் யார், எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார், சிறுவயதுக் கதையைக் கேட்கிறாரா? ஏ.டி.எச்.டி. என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். அதை விசாரிக்காமல் அரை மணியில் முடிப்பவரின் அறிக்கையை எந்த ஜி.பி. நம்புவார்? இன்னொன்று, 2025 முதல் சில வாரியங்கள் தங்கள் பகுதியிலிருந்து ஓராண்டில் இத்தனை பேர்தான் என்று நிறுவனங்களுக்கு அளவு குறித்துவருகின்றன. போன மாதம் நண்பர் சொன்ன காத்திருப்புக் காலம் இந்த மாதம் செல்லாமல் போகலாம்.

"எங்கள் சர்ஜரியில் அப்படி ஒன்று இல்லை" என்று ரிசப்ஷனில் சொன்னால் அதோடு திரும்ப வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு, வட்டார வாரியத்திடம் முறையிடலாம். குழந்தைகளுக்கும் இந்தத் தேர்வுரிமை உண்டு. காத்திருக்கும் காலத்தில் பள்ளி கைகட்டி நிற்கத் தேவையில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி கூடுதல் உதவி என்பது குழந்தையின் தேவையைப் பொறுத்தது, மருத்துவச் சான்றைப் பொறுத்ததல்ல. இத்தகைய உதவியைக் கவனிக்கும், சென்கோ எனப்படும் ஆசிரியரிடம் இன்றே பேசலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். சிறுவயதுக் கதையைச் சொல்லப் பெற்றோர் வேண்டும். அவர்கள் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருப்பார்கள், இல்லையேல் பக்கத்து அறையில் இருந்தும் ஆங்கிலத்துக்குத் தயங்குவார்கள். "சின்ன வயதில் கண்ணைப் பார்த்துப் பேசுவாரா?" என்று மதிப்பீட்டாளர் கேட்பார். பெரியவர் முன் தலைகுனிந்து நிற்பதே மரியாதை என்று வளர்ந்த அம்மா அதற்கு என்ன சொல்வார்? அவர் சொல்லும் "சரியான குழப்படி" (இலங்கைப் பேச்சில், ஒரே குறும்பு) என்ற இரண்டே சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! அதைக் கூச்சத்தோடு மகனே மொழிபெயர்த்தால் பாதி உதிர்ந்துவிடும். என்.எச்.எஸ். செலவில் நடக்கும் மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பரிந்துரைப் படிவத்திலேயே அதை எழுதச் சொல்ல வேண்டும்: மொழிபெயர்ப்பாளர் தேவை, மொழி தமிழ், இலங்கைப் பேச்சா தமிழ்நாட்டுப் பேச்சா என்பதும் சேர்த்து.