சட்டமன்றத்தின் எல்லை: முல்லைப் பெரியாறு வழக்கை முன்வைத்து

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்த அனுமந்தன்பட்டி, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் வாழும் ஊர்களுள் ஒன்று. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இந்நீரை நம்பியுள்ளன. நீரைத் தேக்கும் அணையோ கேரள எல்லைக்குள் நிற்கிறது. தமக்கு வாக்குரிமை இல்லாத ஒரு சட்டமன்றம் தம் வயலுக்கு வரும் நீரின் அளவைச் சட்டத்தால் குறைக்கலாமா என்னும் வினாவை இவ்வூர் உழவர்கள் 2006இல் எதிர்கொண்டனர். சட்டமன்றத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்னும் ஆட்சியியல் வினாவின் நடைமுறை வடிவம் இது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அணை 1895இல் நிறைவுற்றது. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணை வலுப்படுத்தப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, இவ்வணைக்கு 136 அடியே உச்ச அளவு என வரையறுத்தது.

இங்கிலாந்தில் இத்தகைய சட்டம் செல்லுபடியாகியிருக்கும். பர்மா ஆயில் நிறுவனத்துக்கு இழப்பீட்டு உரிமை உண்டெனப் பிரபுக்கள் சபை 1964இல் அளித்த தீர்ப்பை, அடுத்த ஆண்டின் போர்ச் சேதச் சட்டத்தால் நாடாளுமன்றம் பின்தேதியிட்டுப் பயனற்றதாக்கியது. நாடாளுமன்றத்துக்கு மேற்பட்ட எழுதப்பட்ட அரசமைப்பு அங்கில்லை. அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறானது. இறுதியாகிவிட்ட தீர்ப்பை மீண்டும் திறக்குமாறு நீதிமன்றங்களுக்குக் காங்கிரஸ் கட்டளையிட இயலாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவுபடுத்தியது.

இந்திய நிலை சற்று நுட்பமானது. ஒரு தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்த சட்டத்தையே, பின்தேதியிட்டுக்கூட, சட்டமன்றம் மாற்றலாம். தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று மட்டும் அறிவிக்க இயலாது. காவிரி இடைக்கால ஆணையை முறியடிக்கக் கர்நாடகம் 1991இல் பிறப்பித்த அவசரச் சட்டம் இந்த அடிப்படையிலேயே வீழ்ந்தது. அதைக் கண்ட பின்னரும் கேரளம் அதே வழியில் சென்றது வியப்புக்குரியது. அரசமைப்பின் 131ஆம் பிரிவின்கீழ்த் தமிழ்நாடு தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 7இல் திருத்தச் சட்டம் இவ்வணையைப் பொறுத்தமட்டில் செல்லாது என்றது. அணை பாதுகாப்பானதா என்பது சான்றுகளை ஆராய்ந்து நீதிமன்றம் கண்ட உண்மை. அதனைச் சட்டமியற்றி மாற்றுவது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்பதே தீர்ப்பின் உயிர்நாடி.

ஆயினும் வினாவுக்கு மறுபக்கமும் உண்டு. அணையின் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்வோர் தம் அச்சத்தைக் கேரளச் சட்டமன்றத்தில் கூறலாம். அணையை இயக்கும் தமிழ்நாட்டு அரசைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை. அனுமந்தன்பட்டி உழவர் கேரளத்தில் எவ்வாறு குரலற்றவரோ, அவ்வாறே இவர்களும் தமிழ்நாட்டில் குரலற்றவர். இரு தரப்பினருக்கும் உறுப்பினர்கள் உள்ள ஒரே சட்டமியற்றும் அவை நாடாளுமன்றம். அங்கும் சமநிலை இல்லை: அமெரிக்க செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் தலா 2 இடங்கள், நம் மாநிலங்களவையிலோ தமிழ்நாட்டுக்கு 18, கேரளத்துக்கு 9.

அந்நாடாளுமன்றம் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒரு மாநிலத்துக்குரிய அணை வேறொரு மாநிலத்தில் அமைந்திருப்பின், அதன் பாதுகாப்பைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே கண்காணிக்கும் என்கிறது அச்சட்டம். ஆணையம் முழுமையாக இயங்கத் தொடங்கும்வரை அப்பொறுப்பை மேற்பார்வைக் குழுவிடம் ஒப்படைத்த உச்ச நீதிமன்றம், இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைக் குழுவில் சேர்க்குமாறு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது.