இந்தச் சாலை யாருடைய பொறுப்பு?

வீட்டு வாசலில் சாலை குழி விழுந்து கிடக்கிறது. யாரிடம் சொல்வது? "அரசாங்கம் என்னதான் செய்கிறது?" என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால், எல்லாச் சாலைக்கும் பொறுப்பாளர் ஒருவரே அல்லர்.

கோலாலம்பூரின் நகரச் சாலைகளில் பெரும்பாலானவற்றை மாநகர் மன்றம் பராமரிக்கிறது. டோல் நெடுஞ்சாலைகளை அவற்றின் குத்தகை நிறுவனங்கள் கவனிக்கின்றன. நகர எல்லையைத் தாண்டினால், கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவுடையது. தாமான் சாலை ஊராட்சி மன்றத்துடையது. புதிய தாமானில் மேம்பாட்டாளர் சாலையை முறையாக அமைத்துக் கொடுத்து, மன்றம் அதை ஏற்ற பிறகே அது பொதுச் சாலையாகும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இதற்கு வழி வகுக்கிறது.

குழி ஏன் விழுகிறது? மழைநீர்தான் முதல் காரணம். தாரின் விரிசல் வழியாக இறங்கும் நீர், அடியிலுள்ள கல் படுகையை இளக்கிவிடும். மேலே கனரக லோரி ஏறினால் தார் உடைகிறது. அவசரத்திற்குத் தாரைக் கொட்டி மூடினால் அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். பழுதான பகுதியைச் சதுரமாக வெட்டி, சுத்தம் செய்து, அடித்தளத்தை இறுக்கிய பிறகு தாரிட்டால்தான் நிலைக்கும். பக்கத்து வடிகால் அடைபட்டிருந்தால் அந்த உழைப்பும் வீண்.

சாலை என்பது மேலே தெரியும் தார் மட்டுமல்ல. அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஓடுகின்றன. குழாய் கசிந்தால் மண் சிறிது சிறிதாக அரித்துச் செல்லப்படும். மேலே தார் மட்டும் நிற்கும்.

2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்த பெண் சுற்றுப்பயணி ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்தார். ஒன்பது நாட்கள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அதற்குள் அருகிலேயே இன்னோர் இடமும் உள்வாங்கியது. தீபாவளிக்குத் துணி எடுக்க நம்மவர்கள் குடும்பத்தோடு நடக்கும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாத அடிநிலத்தைச் சோதிப்பதும் சாலைப் பராமரிப்பே என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

ஆகவே நேயர்களே, தார் தாழ்ந்தாலும், நடைபாதைக் கல் ஆடினாலும், மழையின்றி நீர் கசிந்தாலும் உடனே தெரிவியுங்கள். சாலையின் பெயர், அருகிலுள்ள கடை அல்லது விளக்குக் கம்பம், ஒரு புகைப்படம் ஆகியவை போதும். புகார் எண்ணைக் கேட்டு வாங்க மறவாதீர்கள். எண் இருந்தால்தான் மறுபடியும் கேட்க முடியும்.