பழைய புல்லட்: கார்புரேட்டர் கோளாறுகளும் பரிகாரமும்

கிணத்துக்கடவு வட்டாரத் தோட்டங்களில் பழைய புல்லட் வண்டிகள் இன்றும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. விடியற்காலையில் தக்காளிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்படும்போது வண்டி கிளம்பாவிட்டால் ஏலம் தப்பிவிடும். பறித்த காய் மறுநாளுக்குக் காத்திருக்காது. இத்தகைய கோளாறுகளில் பல, கார்புரேட்டரில் தூசியும் தண்ணீரும் சேர்வதால் வருபவையே. முறையாகப் பார்த்தால் திருப்புளி, ஸ்பேனர், சைக்கிள் பம்பு ஆகியவற்றைக் கொண்டு தோட்டத்திலேயே சரிசெய்து கொள்ளலாம்.

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது முதல் வெளிவந்த புல்லட்டுகளில் கார்புரேட்டரே எரிபொருளைக் கலந்து கொடுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் அதன் இடத்தை எரிபொருள் ஊசி முறை பிடித்துக்கொண்டது.

வேலை செய்யும் விதம்

சொட்டுநீர்ப் பாசனத்தில் வென்சுரி உரக்கரைசலை உறிஞ்சுவதை விவசாயிகள் அறிவர். கார்புரேட்டரும் அதே தத்துவத்தில் இயங்குகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறைந்து, ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலெழும்புகிறது. அடியிலுள்ள கிண்ணத்தில் மிதவையும் ஊசி வால்வும் பெட்ரோலை ஒரே மட்டத்தில் வைத்திருக்கின்றன. சொட்டுவான் அடைபட்டால் தென்னை வாடும். ஜெட் அடைபட்டால் எஞ்சின் நிற்கும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

உடனே கார்புரேட்டரைக் கழற்றுதல் தவறு. டாங்கில் பெட்ரோல் உள்ளதா, குழாய் திறந்துள்ளதா என்று பார்க்கவும். சோக் போட்டுச் சில முறை உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது தீப்பொறி இல்லை.

பெட்ரோல் வரவில்லையெனில் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தவும். சிறிது வந்து நின்றுவிட்டால் டாங்கு மூடியைத் திறந்து பார்க்கவும். அப்போது தொடர்ந்து வந்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அப்படியும் வராவிட்டால் குழாயின் சல்லடையைச் சுத்தம் செய்யவும்.

அறிகுறியும் காரணமும்

சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் நின்றால் பைலட் ஜெட்டில் அடைப்பு. மெதுவாக நன்றாக ஓடி, வேகம் கூட்டும்போது திணறினால் மெயின் ஜெட்டைப் பார்க்கவும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வில் மண் சிக்கியிருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும்; அப்படியாயின் மாற்றிவிட வேண்டும். பிளக்கின் முனை கறுத்துப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. செம்பழுப்பாக இருந்தால் சரி.

சுத்தம் செய்யும் முறை

எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, பீடி நெருப்பு எதுவும் அருகிலில்லாமல் வேலையைத் தொடங்கவும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணி மேல் பாகங்களை வரிசையாக வைக்கவும். ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்துப் பம்பினால் ஊதவும். கம்பி விட்டுக் குத்துதல் கூடாது. துளை சற்றே பெரிதானாலும் பெட்ரோல் செலவு கூடிவிடும். ஸ்லைடைத் திரும்ப மாட்டும்போது அதன் வெட்டுப்பகுதி ஏர் பில்டர் பக்கம் இருக்க வேண்டும்.

மாட்டியபின் காற்றுத் திருகை மென்மையாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கவும். எஞ்சின் சூடானதும் இப்பக்கமும் அப்பக்கமும் சிறிது திருப்பி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்தவும்.

கல்குவாரித் தூசியும் ஆடிக்காற்றும் உள்ள இப்பகுதியில் ஏர் பில்டர் இன்றி வண்டி ஓட்டுதல் கூடாது. தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். அதற்கு ஆகும் செலவு பில்டரின் விலையைப்போல் பல மடங்கு.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் உப்பி வெடிக்கக்கூடும். எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்க்கு மாறுவது நல்லது. பிளக் வெளுத்தே இருந்தால், முதலில் கார்புரேட்டர் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பார்த்து போல்ட்டுகளை இறுக்கவும். அப்படியும் மாறாவிட்டால், ஸ்லைடிலுள்ள ஊசியின் கிளிப்பை ஒரு வரி கீழே மாற்றவும்; ஊசி உயர்ந்து பெட்ரோல் சற்றுக் கூடும்.

வண்டியைச் சில வாரம் நிறுத்தி வைப்பதாயின் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடவும். மாதம் ஒருமுறை வடிகால் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கவும். அடியில் தண்ணீரோ மண்ணோ தெரிந்தால் டாங்கையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். சந்தை நாளில் வண்டி வழியில் நிற்காது.